கால் வைக்க ஓர் இடம்

மேசைக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தொடைமேல் விரித்த என் உள்ளங்கைகளில் என் மகள் சிட்டுவின் இரண்டு பாதங்கள்.

எதிரே தலைமையாசிரியையின் கறுப்புச் செருப்பு. அது அசையவே இல்லை.

எல்லாம் என் மறதியின் லட்சணம். சிட்டு கால் ஊன்றிக்கொள்ளும் பெட்டியை வீட்டைப் பூட்டுவதற்காகக் கீழே வைத்தேன்; அது அங்கேயே கிடக்கிறது. ஷூ டப்பாவில் வெட்டுத் துணியை அடைத்து, உறை போட்டு நானே தைத்தது. மனைவிக்குத் தெரிந்தால் நான் தொலைந்தேன்.

சிட்டுவுக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே உடம்பில் பிடிமானம் குறைவு. நாற்காலியில் உட்கார வைத்தால் மெல்லச் சரிந்துவிடுவாள். கால் அந்தரத்தில் தொங்கினால் முதுகு நிற்காது, முதுகு நிற்காவிட்டால் கை எழுதாது என்று அவளுக்கு உடற்பயிற்சி கொடுக்கிற டீச்சர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்.

இன்று அவள் சரியாமல் உட்கார்ந்து தன் பெயரை ஐந்து முறை எழுதிக் காட்ட வேண்டும். காட்டினால் இந்தப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு வகுப்பு. இல்லையென்றால் இன்னொரு வருடம் வீட்டில், என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில்.

எனக்கு எழுத்து தெரியவில்லை. கால்தான் தெரிகிறது. சுழி வந்தால் கட்டைவிரல் என் கையை அழுத்துகிறது. கோடு இழுத்தால் குதிகால் லேசாகிறது.

மூன்று பெயர் முடிந்துவிட்டது. அட என் தங்கமே!

நாலாவது முடிகிற நேரத்தில் எனக்குத் தொடை மரத்துப்போய்க் கை நடுங்கியது. பாதங்கள் அப்படியே நின்றன.

"அப்பா, ஆடாதப்பா. நேரா உக்காரு."

தினமும் நான் அவளுக்குச் சொல்வது. எனக்கு வேண்டியதுதான். சட்டென்று நிமிர்ந்தேன். மேசை உச்சந்தலையில் நங்கென்று இடித்தது. மேலே சிட்டு கெக்கெக்கே என்று சிரித்தாள். அவள் மட்டும்தான் சிரித்தாள்.

கறுப்புச் செருப்பு எழுந்தது. மேசையைச் சுற்றி என் பக்கமாக வந்தது.

போச்சு. பிள்ளை ஒழுங்காக எழுதியும் அப்பன் நான் கெடுத்துவிட்டேன்.

தலைமையாசிரியை குனிந்தார். கையில் மர ஸ்கேல். நான் பதறிப்போய்க் கையை இழுக்கப் பார்த்தேன்.

"எடுக்காதீங்க சார். அப்படியே இருங்க."

ஸ்கேலைத் தரையில் ஊன்றி, சிட்டுவின் பாதம் வரைக்கும் பார்த்தார். ஏழு இன்ச். அதைப் பேனாவால் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, வாசலில் நின்ற பியூனைக் கூப்பிட்டார். ஜன்னலோர பெஞ்சுக்கு அடியில் இந்த உயரத்துக்கு ஒரு பலகை அடிக்க வேண்டுமாம். திங்கட்கிழமைக்குள்.

நாள் முழுக்க ஊருக்கே அளவெடுக்கிறவன் நான். என்னை ஒருவர் அளவெடுத்தது இன்றைக்குத்தான்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கையை ஆட்டவில்லை. ஐந்தாவது பெயர் இன்னும் முடியவில்லை.