ஒரு சொட்டுத் தண்ணிகூட வரல

அணையில் உபரிநீர் வெளியேறும் மதகு இடிந்துகொண்டிருக்கிறது, எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று மைக் வண்டி மத்தியானம் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனது. காலி செய்த வீட்டின் கேட்டில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். கட்டிய வீட்டை மீட்புக்காரர்கள் தட்ட மாட்டார்கள்.

வெல்டிங் கடைக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"போன வருஷமும் இப்படித்தான் வயித்துல புளியைக் கரைச்சானுங்க. ஒரு சொட்டுத் தண்ணி வந்துச்சா?"

மனைவியையும் மகளையும் மட்டும் அனுப்பிவைத்தார். தொந்தரவில்லாமல் தூங்கலாமென்று கேட்டில் துணியைக் கட்டிவிட்டு, உள்ளே தாழ் போட்டுப் படுத்துக்கொண்டார்.

இரவெல்லாம் கீழே ஏதோ இரைந்தது. என்ன ஆனதென்று பள்ளிக்கூடத்துக்கு யாரும் வந்து சொல்லவில்லை.

காலையில் அவரே வந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. கையிலிருந்த வெள்ளைத் துணி மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் சொன்னேனே. ஒரு சொட்டுத் தண்ணிகூட வரல."

"வேற வேலை இல்ல இவனுங்களுக்கு" என்று அதிகாரிகளைத் திட்டிக்கொண்டே ஜனங்கள் பாயைச் சுருட்டினார்கள்.

மனைவி பெஞ்சின் மேல் ஏறி, உயரத்திலிருந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கீழே தெருவே இல்லை. பழுப்புத் தண்ணீருக்கு மேல் மொட்டைமாடித் தொட்டிகளின் மூடிகள் மட்டும் தெரிந்தன.

திரும்பினாள். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள். அவர்களுக்குப் பின்னால் ஊரே மூட்டை முடிச்சோடு நின்றது.

"சீக்கிரம் வா," என்றார் அவர். "வீட்டைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கேன்."