முன்னால் நின்றவரின் காபி

‘உங்களுக்கு முன்னால் வந்தவர் கேட்டதுதான் உங்களுக்கு. நீங்கள் கேட்பது அடுத்து வருபவருக்கு’ என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

இப்படியும் ஒரு காபிக் கடை. வேலை வெட்டி இல்லாத எவனோ யோசித்திருக்கிறான்.

அடுத்த பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. மாமியாரின் மூக்குக்கண்ணாடி பெட்டிக்குள் இருந்தது. பலகையில் இருந்ததை நான் அவருக்குப் படித்துச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றால் அது பொய்.

பதினொரு வருடமாக என் காபிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் கழுநீர். போன வாரம், “பெரியவன் வீட்டுக்கே போயிடறேன், அங்கயாவது ஒரு வாய் நல்ல காபி கிடைக்கும்” என்றார். தாராளமாகப் போங்கள் என்று நானே பெட்டியைக் கட்டினேன். இன்றைக்கு அங்கே விட்டுவிட்டு வந்தால், நாளையிலிருந்து என் அடுப்படி எனக்கு.

கடைக்காரப் பெண்ணிடம் முதலில் போனது மாமியார்தான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து, குசுகுசுவென்று நெடுநேரம் சொன்னார். ஒரு காபிக்கு இவ்வளவு வியாக்கியானம்.

அடுத்து நான் போய் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எவர் தலையெழுத்தோ.

மாமியாருக்கு வந்தது ஐஸ் காபி. மேலே ஒரு சாண் நுரை, அதில் ஒரு குச்சி. பல் கூசும் என்று பானைத் தண்ணீரைக்கூடத் தொடாத மனுஷி. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

இது நான் கேட்டதில்லை என்று சண்டைக்குப் போனார். அந்தப் பெண் பொறுமையாகக் கடையின் வழக்கத்தை விளக்கினாள். மாமியாருக்கு முகம் செத்துப்போனது. பல்லை நினைத்துத்தான் என்று நான் நினைத்தேன்.

என் காபி வந்தது.

வெளிறிக் கிடந்தது. ஒரு மிடறு விழுங்கினேன். சூடு போதவில்லை, சர்க்கரை திகட்டியது.

“சரியா இருக்காக்கா? தூள் கம்மி, பால் தண்ணியா, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, ரொம்ப சூடு வேணாம்னு அந்தம்மா மூணு தடவ சொன்னாங்க. தெனம் வீட்ல குடிக்கற மாதிரியே வேணுமாம்.”

சரியாகத்தான் இருந்தது. நானே போட்டால்கூட இவ்வளவு சரியாக வந்திருக்காது.

பதினொரு வருடத்துக் கோபமும் நாக்கு நுனிக்கு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். பாழாய்ப்போன அழுகை முந்திக்கொண்டது.

மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பஸ் வந்துவிட்டது என்றார்.

வந்துதான் நின்றது. நாங்கள் இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.