பழைய பேரே இருக்கட்டும்

இடி விழுந்து கருகிப்போன ரூட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து எழுத்தாகப் பார்த்துப் பழைய கம்ப்யூட்டரில் தட்டினான்.

இனி இந்தக் கம்ப்யூட்டர்தான் வீட்டுக்கு ரூட்டர். வெளியிலிருந்து வரும் ஒயரை ஒரு பக்கம் வாங்கிக்கொண்டு, மறுபக்கம் வைஃபையாக வீடு முழுக்க அனுப்பும். அலுவலகம் அலுவலகமாகப் போய் இதைச் செய்துகொடுப்பதுதான் அவன் பிழைப்பு.

பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றிவிடத்தான் நினைத்தான். அம்மா குறுக்கே வந்தாள்.

"பழைய பேரே இருக்கட்டும்டா. மறுபடியும் எல்லா போன்லயும் போடணும்னா எனக்குத் தெரியாது."

எல்லா போன் என்றால் இரண்டு. ஒன்று அம்மாவுடையது, இன்னொன்று அப்பாவுடையது.

அப்பா ஆபரேஷன் முடிந்து உள்ளறையில் படுத்திருந்தார். மதியம் டாக்டர் அவரை வீடியோ காலில் பார்க்க வேண்டும். வீட்டுக்குள்ளும் வாசலிலும் செல்போன் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. அதனால்தான் அம்மா கூப்பிட்டாள். அவனும் வந்தான், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக. இந்த வீட்டுக்கு வைஃபை வந்ததே அவன் போன பிறகுதான்.

அவன் கட்டிக்கொண்டவள் இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று அன்று அப்பா சொன்னார். அப்படியென்றால் நானும் ஏற மாட்டேன் என்றான் அவன். தங்கையின் கல்யாணத்துக்குக்கூட அவன் வரவில்லை. அப்பாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோன அன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு தன் வீட்டிலேயே கிடந்தான்.

ஒயர் நுனியில் பிளக்கை வைத்து அழுத்தும் கிரிம்பிங் டூலை மறந்து வந்திருந்தான். தெருமுனை வரை போய், மனைவிக்குப் போன் போட்டுக் கொண்டுவரச் சொன்னான்.

அவள் வந்தாள். படிக்குக் கீழேயே நின்று டூலை நீட்டினாள்.

"கொஞ்சம் இரு, சேர்ந்தே போயிடலாம்" என்றான்.

"நான் இங்கயே நிக்கறேங்க."

அம்மா அவளை ஏறிட்டும் பார்க்காமல் சமையலறைக்குள் போனாள். பெற்ற பிள்ளை படி ஏறி வந்த பிறகும் இவர்களுக்கு மனசு இறங்கவில்லையே.

பிளக்கை அழுத்தினான். ஒயரைச் செருகினான். வைஃபையை ஓடவிட்டான்.

உள்ளறையில் அப்பாவின் போன் டிங் என்றது. சமையலறையில் அம்மாவின் போன்.

அப்புறம் வாசலில். மனைவியின் கைப்பைக்குள், விட்டு விட்டு, மெசேஜ் மேல் மெசேஜ்.

அவன் திரும்பினான். அவள் பையை இடுப்போடு சேர்த்து அமுக்கிப் பிடித்திருந்தாள்.

ஒரு தடவையாவது பாஸ்வேர்ட் போட்டு உள்ளே வந்த போன்தான் இப்படித் தானாகச் சேரும். இதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் தரையைப் பார்த்தாள். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"உன்கிட்ட சொல்லணும்னுதான்டா இருந்தோம்."

டாக்டர் வரும் நேரம் நெருங்கிவிட்டது. இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தன் போனை எடுத்தான்.

அது பாஸ்வேர்ட் கேட்டது.