மைனஸ் ஆறு

“மைனஸ் ஆறு சார்! இன்னிக்கு சாயங்காலம் நிச்சயம் இடி மழைதான்.”

கேட்டருகே நின்று ஹேமநாத் கூவியதும் எதிர்வீட்டு கஸ்தூரிரங்கன் வானத்தைப் பார்த்தார். சேலையூரில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“அது என்னப்பா மைனஸ் ஆறு?”

“காலைல மீனம்பாக்கத்துல பலூன் விட்டு காத்தை அளக்கறாங்க இல்ல, அதுல வர்ற கணக்கு. பூஜ்யத்துக்குக் கீழே இறங்க இறங்க, மேலே காத்து நிலைகொள்ளாம தவிக்குதுன்னு அர்த்தம். ஆறுன்னா பிரமாதம்!”

“இடி இடிச்சா கரண்ட் போயிடும். இதுல என்ன பிரமாதம்?”

அதுதான் பிரமாதம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஹேமநாத் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். மனைவி சரிதாவுக்கு சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. வீட்டுக்கு வந்தாலும் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அமெரிக்காக்காரனுடன் பேசிக்கொண்டிருப்பாள். கரண்ட் போய் இன்டர்நெட் படுத்தால்தான் மொட்டைமாடிக்கு வருவாள். வந்துவிட்டால், கல்யாணமான புதிதில் பேசியதுபோல வாய் ஓயாமல் பேசுவாள். அந்தப் பேச்சுக்காக ஏங்கித்தான் தினமும் காலையில் காற்றின் கணக்கைப் பார்க்கிறான். அவளிடம் சொல்லத் தயக்கம். வேலையைக் குறை சொல்வதாக நினைத்துவிட்டால்?

சாயங்காலம் மேற்கே மேகம் திரண்டது. அவன் மனசும் துள்ளியது. ஆறரை மணிக்கெல்லாம் மேகம் வந்த சுவடே இல்லாமல் கலைந்துபோனது.

“என்னங்க, உங்க இடி என்ன ஆச்சு?” லேப்டாப்பிலிருந்து நிமிராமல் கேட்டாள் சரிதா.

“இடியைக் கிளப்பிவிட கடல்காத்து வரணும். வரலை. ஏமாத்திடுச்சு.”

“அதுக்கா மூஞ்சி இப்படிப் போகுது?” இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “சரி, எனக்கு ஏழு மணிக்கு மீட்டிங்.”

அவன் மட்டும் மாடி ஏறினான். சின்னப் பிள்ளை மாதிரி அழுகை வரும் போலிருந்தது.

சற்று நேரத்தில் கீழே வீடு சட்டென்று இருண்டது. கொலுசுச் சத்தம் படியேறி வந்தது.

“கரண்ட் போச்சுங்க. மீட்டிங்குக்கு வர முடியாதுன்னு போன்ல சொல்லிட்டேன்,” என்றபடி அவன் தோளில் சாய்ந்தாள் சரிதா.

“இடியே இடிக்கலையே, எப்படிப் போச்சு?”

எதிரே கஸ்தூரிரங்கன் வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க விளக்கு எரிந்தது.

ஒன்றும் புரியாமல் அவள் கையைப் பற்றினான். மூடியிருந்த விரல்களுக்குள் இருந்தது, அவர்கள் வீட்டு ஃப்யூஸ் கட்டை.