பெயருக்கு ஒரு மூட்டை மாவு

முன்னோர் உடையான கட்டம்போட்ட பாவாடையும் இடுப்பில் கத்தியுமாக, மக்டோரன் குடும்பப் பெயர்க்காரர்களின் ஒன்றுகூடலுக்குக் கனடாவிலிருந்து வந்திருந்தார் டங்கன் மக்டோரன். எங்கள் ஊர் மதுக்கடையில் என் மேசையை ஓங்கிக் குத்தினார்.

"ஆடு வளர்க்க நிலம் வேணும்னு அந்தக் காலத்துல எங்க பாட்டன் பூட்டன் வீட்டையெல்லாம் எரிச்சு, அவங்களைக் கப்பல்ல ஏத்துனான் இந்த ஊர்ப் பிரபு. அவனுக்கு வால் புடிச்சவங்க மட்டும் இங்கேயே தங்கிட்டீங்க. உன்னைத்தான் கிழவா, மண்டி போட்டு மன்னிப்புக் கேளு."

விஸ்கியை நிதானமாக விழுங்கினேன்.

"மக்டோரன்ங்கிற பேரு உனக்கு எப்படி வந்துச்சு தம்பி?"

"பரம்பரைப் பேரு. கடல் தாண்டியும் நாங்க விடலை."

"அது பிரபுவோட பேரு. பஞ்சத்துல, தன் பேரை ஏத்துக்கிட்ட குடும்பத்துக்கெல்லாம் ஓட்ஸ் மாவு ஒரு மூட்டை கொடுத்தான். ஊரே மக்டோரன் ஆயிடுச்சு."

"அதுக்கென்ன இப்போ?"

"அப்புறம் அவனே வீட்டை எரிச்சதும், கப்பல் ஏறுனவங்களும் சரி, எங்களை மாதிரி கடற்கரைக் குகையில ஒதுங்குனவங்களும் சரி, அந்தப் பேரைக் காறித் துப்பிட்டுப் பழைய பேரையே வச்சுக்கிட்டாங்க. நான் முர்டோ கில்வா."

"அப்போ நாங்க?"

"பேரை விடாதது பிரபுவோட ரத்தம் மட்டும்தான். வீடுகளை எரிக்கத் தீப்பந்தம் புடிச்ச அவன் தம்பி, பின்னாடி கனடாவுக்குத்தான் போனான்."

நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி இடம் விட்டேன்.

"தரை ஈரமா இருக்கு தம்பி. மண்டி போடறப்போ பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கோ."