முடி கலையாத கேமரா

“இது வேணாம் சார். முடி கலையுது.”

தலையில் மாட்டியிருந்த பட்டையைக் கழற்றி, கேமராவோடு மேஜைமேல் வைத்துவிட்டார் ஸ்டோர் அக்கா.

பர்ச்சேஸ்காரருக்குச் சுருக்கென்றது. மூன்று நாள் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்த கேமரா அது.

போன மழையில் கிடங்குக்குள் தண்ணீர் புகுந்தபோது, உள்ளே என்னென்ன சாமான் இருந்தது என்று இன்சூரன்ஸ்காரர்களுக்குக் காட்ட ஆதாரம் இல்லை. அதனால் இந்த வருஷம் ஸ்டாக் எடுக்கும்போதே வீடியோவும் எடுப்பதாக முடிவு. ஏணியில் ஏறிப் பெட்டியைத் திருப்ப இரண்டு கையும் வேண்டும். கேமராவை உடம்பில்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். ஸ்டோரில் இருக்கும் நாலு பேரும் ஆளுக்கு இரண்டு வரிசை.

“அக்கா, இதுல தலை திரும்புற பக்கம் படமும் திரும்பும். இதைவிட வசதி கிடையாது.”

“கழுத்துல தொங்கவிடுற மாதிரி இல்லையா?”

“இருக்கு. ஒவ்வொரு பெட்டிக்கும் உடம்பையே திருப்பணும்.”

“திருப்பிக்கிறோம். அதையே வாங்கிடுங்க.”

“முடிக்காகவா?”

“ஆமா சார், எனக்கு முடிதான் முக்கியம்.”

சொல்லிவிட்டுக் கொண்டையைச் சரிசெய்துகொண்டார். பாதிக்குமேல் நரைத்த கொண்டை.

பர்ச்சேஸ்காரர் நேரே மேனேஜரிடம் போய்ப் பொரிந்து தள்ளினார். “ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு. இப்பப் போய் அலங்காரம் கேக்கறாங்க சார்!”

“ஸ்டோர் அவங்க பொறுப்பு. கேட்டதைக் குடுத்துடுங்க” என்றார் மேனேஜர், ஃபைலிலிருந்து நிமிராமல்.

மாற்றிக் கொடுப்பதற்குள் கடைக்காரர் அவரை ஒரு வழி பண்ணிவிட்டார். அந்த எரிச்சலில் அக்காவுக்கு ‘உலக அழகி’ என்று பெயர் வைத்தார் பர்ச்சேஸ்காரர். ஆபீஸே சிரித்தது. அக்கா காதிலும் விழுந்தது. அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

ஸ்டாக் எடுத்து முடிந்தது. இன்சூரன்ஸுக்கு அனுப்புமுன் வீடியோவைச் சரிபார்க்கும் வேலை பர்ச்சேஸ்காரர் தலையில் விழுந்தது.

ஐந்தாவது வரிசை. ஸ்டோரில் சீட்டு எழுதும் பெண்ணின் முறை. உடம்பு சரியில்லை என்று ஆறு மாதம் லீவில் இருந்துவிட்டு, போன மாதம்தான் திரும்பியிருந்தாள். படத்தில் பெட்டிகளும் அவள் கைகளும் மட்டும் தெரிந்தன. ஒவ்வொரு நம்பராகப் படித்துக்கொண்டே வந்தவள், நடுவில் குரலைத் தாழ்த்தினாள். சத்தமும் பதிவாகும் என்பதை மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

“தலையில மாட்டற கேமரான்னு கேட்டதும் வேலையை விட்டுடலாம்னு இருந்தேன்க்கா. எல்லார் முன்னாடியும் பட்டையைக் கழட்டறப்ப விக்கும் கையோட வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்காக நீங்க போய்...”

“யாருடி உனக்காகச் சொன்னா?” கீழேயிருந்து அக்காவின் குரல். “என் முடி கலையுதுன்னு சொன்னேன். நீ அடுத்த பெட்டியைத் திருப்பு. ஏணியை நான் கெட்டியாப் பிடிச்சிருக்கேன்.”

பர்ச்சேஸ்காரர் வீடியோவை நிறுத்தினார். அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார்.

மறுநாள் மேனேஜர் போட்டுப் பார்த்தார்.

“படமெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. அஞ்சாவது வரிசையில மட்டும் ஏன்யா சத்தமே இல்லை?”

“மைக் கோளாறு சார்.”

“மூணு நாள் அலைஞ்சு வாங்கினீங்க. மைக்கைக்கூடவா பார்க்கலை?”

“பார்க்கலை சார்” என்றார் பர்ச்சேஸ்காரர். “தப்பு என்மேலதான்.”