ஒழுகாத ஜாயின்ட்

இன்றைக்கும் அதே ஆழத்தில்தான் விளக்கு அணைந்தது.

ஸ்கிரீனில் பச்சைத் தண்ணீர் தெரிந்தது, பாறைச் சுவர் தெரிந்தது, யாரோ வாயால் ஊதிவிட்ட மாதிரி பொசுக்கென்று இருட்டு. அதோடு சரி.

கலைச்செல்வன் திரும்பிச் சசிகலாவைப் பார்த்தார். “என்னம்மா ஜாயின்ட் போடுற நீ?”

குரும்பலூரில் பட்டறை வைத்து, தண்ணீருக்குள் போய்ப் படம் பிடிக்கிற வண்டி செய்கிறவர் அவர். வண்டி என்றால் என்ன, ஒரு குடம் பெரிசுதான் இருக்கும். அதில் ஒயர் நுழைகிற இடத்தையெல்லாம் எபாக்ஸி பசை ஊற்றி, பொட்டுத் தண்ணீர் இறங்காமல் அடைப்பது சசிகலாவின் வேலை. அவள் போட்ட ஜாயின்ட் ஒன்றுகூட இதுவரை ஒழுகியதில்லை. அந்தப் பெருமைக்குத்தான் இப்போது வந்தது வினை.

அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் வெட்டித் தீர்ந்ததும் அம்போவென்று விட்டுப்போன குழி அது. மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. காற்றடித்தாலும் அதில் ஒரு சுருக்கம் விழாது. கரையில் உள்ளூர்க்காரன் இளையபெருமாளின் செருப்பு மட்டும் கிடந்தது, ஆளைக் காணோம். தீயணைப்புக்காரர்கள் முங்கிப் பார்த்துவிட்டு, இதற்குமேல் ஆழம் ஆகாது என்று ஏறிவிட்டார்கள். அப்புறம்தான் இந்த வண்டி வந்தது.

“உள்ள இருக்கறது விடாதுங்க சார்,” என்றார் ஊர்க்காரர் தர்மராஜ். “கிட்டப் போனாலே வெளக்க அணைச்சிடுது, பாத்தீங்கல்ல?”

“பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஜாயின்ட் ஒழுகுது.” கலைச்செல்வன் சசிகலா பக்கம் திரும்பினார். “நாளைக்கும் இப்படின்னா நீ வேற எடம் பாத்துக்கம்மா.”

கேபிள் சுருளை வைத்திருந்த கருவேல மர நிழலில் இளையபெருமாளின் அம்மா கலியம்மாள் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள். “எம்புள்ளைய எடுத்துக் குடுங்கய்யா” என்று அவள் மாரில் அடித்துக்கொண்டதைப் பார்த்தால் கல்லும் கரையும். பக்கத்திலேயே மருமகள் மலர்கொடி. அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

“புருசனக் காணோம், எப்படி உக்காந்திருக்கா பாரு,” என்று தர்மராஜ் முணுமுணுத்தார். “இவதான் என்னமோ பண்ணிட்டான்னு ஊரே பேசுது.”

சசிகலா வண்டியின் பெட்டியைத் திறந்தாள். ஜாயின்ட் எல்லாம் காய்ந்து கிடந்தது. ஆனால் பெட்டிக்கு அடியில் தண்ணீர். எந்த வழியாக வந்தது? தர்மராஜ் சொன்னது மெய்தானோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்துவிட்டாள்.

அப்போது செம்பு ஒயரின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, மெல்ல விழுந்தது.

ஒயருக்குள்ளிருந்து.

கேபிளில் எங்கேயோ ஓட்டை. மேலாக மிதக்கும்வரை தெரியாது. ஆழம் போகப்போகத் தண்ணீர் நெருக்கி, ஓட்டை வழியாக ஏறி, செம்பு இழையோடு ஊர்ந்து பெட்டிக்குள் வந்துவிடும். சசிகலா கேபிளைக் கையால் நீவிக்கொண்டே போனாள். சுருக்கென்று குத்தியது. கருவேல முள். நுனி ஒடிந்து உள்ளேயே நின்றது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. தானாகக் குத்தியது இப்படி வரிசையாகவா இருக்கும்?

யாரிடமும் மூச்சு விடவில்லை. ஓட்டைகளை அடைத்து, மறுநாள் காலையில் சுருளை அதே நிழலில் வைத்துவிட்டு வேனுக்குப் பின்னால் போய் நின்றாள். குத்துவது யாரென்று பார்த்துவிடுவது என்றுதான்.

கொஞ்ச நேரத்தில் மலர்கொடியின் கை கேபிளுக்குப் போனது. சசிகலா ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள். விரலிடுக்கில் முள்.

“நீதானா?”

மலர்கொடி பதறவே இல்லை. “ஆமாக்கா. நான்தான்.”

“ஏன்டி?”

“ஊரு சொல்றதுதான். அவரு கெடைச்சா நான் மாட்டிக்குவேன்ல.”

சசிகலாவுக்கு ஆத்திரம் பொங்கியது. “உன்னால எம் பொழப்புல மண்ணு விழுந்திருக்கும். இரு, சாரக் கூப்புடுறேன்.”

“கூப்புடுங்க. அத்தைய மட்டும் ஒண்ணும் கேட்டுராதீங்கக்கா.”

சசிகலா திரும்பிப் பார்த்தாள். அழுகை நின்றிருந்தது. கலியம்மாள் தண்ணீரோரம் குனிந்து, கைக்குழந்தையிடம் பேசுவதுபோல் குழைந்து பேசிக்கொண்டிருந்தாள்.

“பயப்படாத சாமி. வண்டி கிட்ட வந்தா அம்மா வெளக்க அணைச்சிடுறேன். உன்ன யாரும் பாக்க மாட்டாங்க. நீ கெடைக்காத வரைக்கும் எங்கயோ உசுரோட இருக்கன்னு நெனச்சிக்கிட்டு இருந்துக்குவேன்.”

வெற்றிலைக்காக அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கருவேல முட்கள் பொலபொலவென்று கொட்டின.

“நான் பிடுங்கிப் பிடுங்கித்தான் போடுறேன்க்கா,” என்றாள் மலர்கொடி தாழ்ந்த குரலில். “நான் பாக்காத நேரம் அத்தை குத்திடுது. வெளிய தெரிஞ்சா பைத்தியம்னு கட்டிப் போட்டுருவாங்க. என்னத்தான் ஏற்கெனவே பேசிட்டாங்களே, ஊரு பாட்டுக்குப் பேசட்டும்.”

மேட்டிலிருந்து கலைச்செல்வன் குரல் கொடுத்தார். “அங்க என்னம்மா பஞ்சாயத்து? எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சுதா இல்லையா?”

சசிகலா தண்ணீரோரம் போய், கொட்டிக் கிடந்த முட்களைக் காலால் மண்ணுக்குள் தள்ளினாள்.

“தெரிஞ்சுது சார். என் ஜாயின்ட்தான் ஒழுகுது.”